விண்ணைத் தொடரும் விழி

ஓடும் பேருந்தின் சன்னல் வழியே நோக்கினால், சாலையோர மரங்கள் பசுமைக் கோடுகளாய்க் கலைந்து விரைகின்றன. அவற்றுள் ஒரு மரத்தை மட்டும் தலையைத் திருப்பியவாறே தொடர்ந்து நோக்கினால், அதன் கிளைகளும் இலைகளும் தெளிவாகப் புலப்படும். இந்த எளிய உண்மையே, விண்ணில் விரையும் செயற்கைக்கோள்களைப் படம்பிடிக்கும் நுட்பத்திற்கு அடிப்படையாகும்.

தேடலின் தொடக்கம்

1957 அக்டோபர் 4 அன்று சோவியத் ஒன்றியம் ஸ்புட்னிக் 1 செயற்கைக்கோளை விண்ணில் செலுத்தியது. மறு ஆண்டு அமெரிக்கா செலுத்திய வான்கார்டு 1, சுமார் 16 செ.மீ. விட்டமே உடைய சிறு கோளம், வெறுங்கண்ணுக்குப் புலப்படாதது. அசையாத ஒளிப்படக்கருவியால் இதனைப் படம்பிடிக்க இயலாது. கோள் நகர நகர, அதன் மங்கிய ஒளி படச்சுருளில் எங்கும் நிலைக்காமல் பரவி மறைந்துவிடும். கோளின் வேகத்திற்கேற்பக் கருவியும் சுழன்றால், ஒளி முழுவதும் ஒரே புள்ளியில் திரண்டு பதியும். அப்போது அசையா விண்மீன்கள் கோடுகளாகவும் விரையும் கோள் புள்ளியாகவும் தோன்றும்.

பேக்கர்–நன் கருவி

இந்நோக்கத்திற்காக ஜேம்ஸ் பேக்கர் ஒளியியல் அமைப்பையும் ஜோசப் நன் பொறியியல் அமைப்பையும் வடிவமைத்தனர். அவர்கள் பெயராலேயே அக்கருவி வழங்கலாயிற்று. அது மூன்று அச்சுகளைக் கொண்டது. முதலிரண்டு அச்சுகள், கோள் கடக்கவிருக்கும் வளைபாதைக்கு ஏற்பக் கருவியைச் சாய்த்து நிறுத்தும். பின்னர் மூன்றாம் அச்சை மட்டும் மின்னோடி உரிய வேகத்தில் சுழற்றும். இதனால் சிக்கலான இயக்கம் ஒரே சுழற்சியாக எளிமை பெற்றது.

ஸ்மித்சோனியன் வானியற்பியல் ஆய்வகம் உலகெங்கும் 12 இடங்களில் இக்கருவிகளை நிறுவியது. இந்தியாவில் நைனிதால் அவ்வாய்ப்பைப் பெற்றது. ஸ்பெயின், ஜப்பான், பெரு, ஆஸ்திரேலியா முதலிய நாடுகளிலும் கருவிகள் இயங்கின.

கணிப்பும் திருத்தமும்

இக்கருவி தானே கோளைத் தேடிக் கண்டறிவதில்லை. கோள் எப்போது, எத்திசையில், எவ்வளவு வேகத்தில் தோன்றும் என்பது முன்னரே கணிக்கப்பட்டு நிலையங்களுக்கு அனுப்பப்பட்டது. அந்நேரத்தில் பணியாளர்கள் கருவியை ஆயத்தமாக வைத்திருந்தனர். படத்தில் பதிந்த விண்மீன்களின் இருப்பிடங்கள் ஏற்கெனவே அறியப்பட்டவை; எனவே அவற்றை அளவுகோலாகக் கொண்டு கோளின் இருப்பிடம் அளக்கப்பட்டது. துல்லியமான கடிகாரத்தின் நேரமும் படத்திலேயே பதிவாயிற்று. நேரம் பிழைபட்டால் இருப்பிடமும் பிழைபடும். ஏனெனில் தாழ்வான பாதையில் கோள் ஒரு வினாடியில் ஏழு கிலோமீட்டருக்கு மேல் கடக்கிறது.

மேல்வளிமண்டலத்தின் மெல்லிய காற்று கோளை இழுத்து, அதன் பாதையைச் சிறிது சிறிதாக மாற்றிக்கொண்டே இருக்கும். ஆகவே பழைய கணிப்பை மட்டும் நம்பினால் கோள் கைநழுவிவிடும். ஒவ்வொரு படமும் அடுத்த கணிப்பைத் திருத்தியது. திருத்திய கணிப்பு அடுத்த படத்திற்கு வழிகாட்டியது. கணிப்பிலிருந்து கோள் விலகிய அளவும் வீணாகவில்லை. அவ்விலகலைக் கொண்டே மேல்வளிமண்டலத்தின் அடர்த்தியும் புவியின் ஈர்ப்புப்புல வேறுபாடுகளும் ஆராயப்பட்டன.

இன்றைய தொடர்விழி

இன்று படச்சுருளின் இடத்தில் மின்னணு உணரி அமர்ந்துள்ளது. படச்சட்டத்தின் நடுவிலிருந்து பொருள் எவ்வளவு விலகியுள்ளது என்பதைக் கணினி கண்டறிந்து, அவ்விலகலைக் குறைக்குமாறு மின்னோடியை இயக்குகிறது. இதனைப் பின்னூட்டம் என்பர். ஆயினும் படத்தைக் கணினி ஆராய்ந்து முடிப்பதற்குள் பொருள் சற்றே நகர்ந்துவிடும். ஆதலால் சிறந்த தொடர்கருவி, பொருள் இருந்த இடத்தை நோக்கித் திரும்பாமல், அது இருக்கப்போகும் இடத்தை நோக்கித் திரும்புகிறது.

அன்று ஆய்வகத்திற்கும் மலைநிலையத்திற்கும் இடையே நாள்கணக்கில் நிகழ்ந்த கணிப்பும் திருத்தமும் இன்று ஒரு வினாடிக்குள் பலமுறை நிகழ்கின்றன. கருவிகள் மாறின, தன் பிழையை அளந்து தன்னைத் திருத்திக்கொள்ளும் அறிவியலின் நெறி மாறவில்லை.