ஓபெராவில் சொல்லும் இசையும்

மேலைநாட்டுக் கலைவடிவங்களுள் ஓபெரா நம் மாணவர் பலர்க்குப் பெயரளவில் அறிமுகமானதேயன்றி இயல்பளவில் அறிமுகமானதன்று. நாடக இலக்கியத்தை ஒப்பியல் நோக்கில் பயில்வோர் அதுபற்றி எழுப்பும் வினாக்கள் பெரும்பாலும் ஒரு தன்மையவாகவே உள்ளன. முழுவதும் பாட்டாக அமைவதுதான் ஓபெராவா? உரையாட வேண்டிய இடத்துப் பாடுதல் எங்ஙனம் இயற்கையாகும்? சொல் முந்தியதா, இசை முந்தியதா? பாடுவோரின் சொல் செவிக்கு விளங்காதபோது புலவனுக்கு அங்கு என்ன பணி? இவற்றுள் இறுதி வினாவே இலக்கியம் பயில்வார்க்கு இன்றியமையாதது. ஓபெராவின் பனுவலை இலக்கியமென ஏற்பதா, கட்டடம் முடிந்ததும் பிரித்தெறியும் சாரமெனத் தள்ளுவதா என்பது அதன் விடையைப் பொறுத்தது. ஆதலின் ஏனை வினாக்களையும் அதனைச் சார்த்தியே ஈண்டு ஆராய்வாம்.

முதற்கண் பெயர். 'ஓபெரா' என்னும் இத்தாலியச் சொல்லுக்கு 'ஆக்கம்', 'பணி' என்பனவே பொருள். இசையென்னும் குறிப்பே அதன்கண் இல்லை. தொடக்கக் காலத்தார் இக்கலையை 'இசையில் அமைந்த கதை' என்றும், 'இசைக்கென இயற்றிய நாடகம்' என்றும் விரித்தே வழங்கினர். அப்பெயர்களில் கதையும் நாடகமும் தலைமை பெற்று இசை அடைமொழியாய் நிற்றல் நோக்கத்தக்கது. பனுவலைக் குறிக்கும் 'லிப்ரெட்டோ' என்னும் சொல்லுக்குச் 'சிறு நூல்' என்பது பொருள். தமிழில் 'இசை நாடகம்' என்று வழங்குதல் பொருந்துமாயினும், இடையிடையே பாட்டுப் பெய்த நாடகங்களையும் அத்தொடர் நம்மிடையே குறித்தலின், மயக்கம் நேராமைப் பொருட்டு ஓபெரா என்றே யாம் ஆளுகின்றோம்.

முழுவதும் பாடப்படுவதே ஓபெரா என்னும் இலக்கணமும் குன்றக் கூறலாகும். மோட்சார்ட்டின் 'மந்திரப் புல்லாங்குழல்' (1791) பேச்சும் பாட்டும் விரவியது. பிஸே இயற்றிய 'கார்மென்' 1875 மார்ச்சுத் திங்களில் பாரிசு நகரில் முதன்முதல் அரங்கேறியபோது உரையாடல்கள் பேசப்பட்டன. அவ்வாண்டு சூன் திங்களில் பிஸே மறைந்தபின், வியன்னா அரங்கிற்காக கிரோ என்பார் அவ்வுரையாடல்களுக்கு இசை அமைத்தார். பின்னர் நெடுங்காலம் அவ்வடிவமே மூலம்போல் உலகெங்கும் வழங்கியது.

உரையாடலைப் பாடுதல் எங்ஙனம் தோன்றியது? பதினாறாம் நூற்றாண்டின் இறுதியில் பிளாரன்சு நகரத்துப் பார்டி என்னும் பெருமகனாரின் இல்லத்தில் அறிஞர் சிலர் கூடிப் பண்டைக் கிரேக்க நாடகத்தைப் பற்றி ஆராய்ந்தனர். வானநூற் புலவர் கலிலியோவின் தந்தையாராகிய வின்சென்சோ கலிலி அவருள் ஒருவர். கிரேக்கரின் துன்பியல் நாடகம் முழுவதும் பாடப்பட்டது என்பது அவர்தம் துணிபு. பல குரல்கள் பல வேறு மெட்டுகளை ஒருங்கே பாடிச் சொல்லைச் சிதைத்த அக்கால இசைமுறையை அவர்கள் வெறுத்தனர்; ஒரு குரல், ஒரு சொல், அதற்கேற்ற ஓசை என்பதே அவர் வேண்டியது. அவ்வேட்கையின் பயனாகப் புலவர் ரினுச்சினி எழுத, பெரி இசையமைத்த 'டாஃப்னே' தோன்றிற்று. அதன் இசை பெரும்பாலும் மறைந்தது. அவ்விருவரே இயற்றிய 'யூரிடிசே' 1600-ஆம் ஆண்டு பிரான்சு மன்னர் நான்காம் ஆன்றிக்கும் மரியா தெ மெடிச்சிக்கும் நிகழ்ந்த மணவிழாவில் அரங்கேறியது. அது நம் கைக்குக் கிட்டியுள்ளது. பேச்சுக்கும் பாட்டுக்கும் இடைப்பட்டதொரு நடையையே தாம் நாடியதாகப் பெரி அதன் முன்னுரையில் விளக்குகின்றார். 'ரெசிட்டட்டிவோ' எனப்படும் அந்நடையை 'இசையுரை' எனலாம். எனவே, ஓபெராவின் பிறப்பிற்குக் காரணம் இசைமோகம் அன்று. சொல்லின்பால் கொண்ட பற்றே என்பது தெளிவு. இதனை ஓபெராவைப் பழிக்கும் இலக்கியவாணர் மறந்துவிடுகின்றனர்.

முன்னோடிகள் எடுத்துக்கொண்ட கதையும் கருதற்பாலது. யாழிசையால் மறலியையும் இளக்கித் தன் மனைவியை மீட்கப் புகுந்த ஆர்ஃபியஸ் என்னும் பாணனின் கதையே 'யூரிடிசே'. மான்டெவெர்டி 1607-இல் மாந்துவா நகரில் ஸ்ட்ரிஜியோவின் பனுவலுக்கு இசையமைத்த 'ஒர்ஃபியோ'வும் அதுவே. தலைவன் பாணனாயின் அவன் பாடுவதில் யாருக்கு ஐயம் எழும்? 'பாடுதல் இயற்கையோ' என்னும் நம் மாணவரின் வினாவை அப்புலவர்கள் நானூறு ஆண்டுகட்கு முன்னரே உணர்ந்திருந்தனர் போலும். (மணவிழாவிற்கு அவலம் பொருந்தாதென்று ரினுச்சினி தலைவியை மீட்டுக் கொடுத்தே கதையை முடித்துவிட்டார் என்பது வேறு செய்தி.)

1637-இல் வெனிசு நகரில் சான் காசியானோ அரங்கம் கட்டணம் பெற்றுப் பொதுமக்களுக்குத் திறக்கப்பட்டது. அரண்மனைக் கலை அன்றுமுதல் அங்காடிக் கலையும் ஆயிற்று. பொருள் கொடுத்து வந்தோர் கேட்க விழைந்தது புலவனின் சொல்லை அன்று, பாடுவோரின் குரலை. கதையை நடத்தும் இசையுரையும், கதை நிற்க உணர்ச்சி விரியும் 'ஆரியா' என்னும் தனிப்பாட்டும் நாளடைவில் முற்றும் பிரிந்தன. வியன்னா அரசவைப் புலவராய் விளங்கிய மெட்டாஸ்டாசியோ (1698–1782) இப்பிரிவை யாப்பிலேயே நிலைநிறுத்தினார். இசையுரைக்கு ஏழசையும் பதினோரசையும் விரவிய, இயைபு வேண்டாத அடிகள். ஆரியாவிற்கு இயைபுடைய குறுகிய இரு பத்திகள். கதை சொல்ல அகவலும் உணர்ச்சி பாடத் தாழிசையும் நம் புலவர்க்குப் பயன்பட்டமையை ஒருபுடை ஒப்பாக ஈண்டு நினைக்கலாம். அவர் பனுவல் ஒன்றற்கே இசைவாணர் பலர் அடுத்தடுத்து இசையமைத்தனர். இசை பழையதாகி மறைய, பனுவல் எஞ்சி நின்றது! ஆயினும் அரங்கில் ஆட்சி செலுத்தியவர் பாடகரே. இளமையில் விதைநீக்கம் செய்யப்பெற்றுச் சிறுவர்குரல் மாறாது வளர்ந்த ஆடவராகிய 'காஸ்ட்ராட்டோ'க்கள் அவருள் தலையாயவர். ஃபாரினெல்லி 1737-இல் எசுப்பானிய அரசவை புகுந்து மன்னர் ஐந்தாம் ஃபிலிப்பின் மனநோய் தணியப் பாடிவந்தார். பாடகர் சிலர் தமக்குப் பேர் தந்த ஆரியாவைப் பெட்டியில் வைத்ததுபோல் உடன்கொண்டு சென்று, எந்நாடகத்திலும் புகுத்திப் பாடினர். இவ்வாரவாரத்தை அடக்கவே க்ளுக் என்னும் இசைவாணரும் கால்சபிஜி என்னும் புலவரும் 1762-இல் மீண்டும் ஆர்ஃபியஸ் கதைக்குத் திரும்பினர்.

சொல் முந்தியதோ இசை முந்தியதோ என்னும் வழக்கை மேடைமேலேயே ஏற்றிய நூலும் உண்டு. காஸ்தி எழுதச் சாலியேரி இசையமைத்த அதன் பெயரே 'முதலில் இசை, பின்னரே சொல்' என்பது. 1786 பெப்ரவரி 7-ஆம் நாள் ஷேன்புரூன் அரண்மனையில் அரங்கேறிய அந்நகைநாடகத்தில், இசை ஆயத்தமாக உள்ளது, அதற்கேற்பச் சொல்லை நான்கு நாளில் நிரப்பித் தருக என்று புலவனை இசைவாணன் நெருக்குகின்றான். மோட்சார்ட் தாமும் ஐந்தாண்டுகட்கு முன், ஓபெராவில் கவிதை இசைக்கு அடங்கிய மகளாதல் வேண்டும் என்னும் கருத்தைத் தந்தையார்க்கு எழுதிய மடலில் வெளியிட்டிருந்தார். இம்மடலை எடுத்துக்காட்டி, மோட்சார்ட் சொல்லைப் பொருட்படுத்தாதவர் என்பாரும் உளர். அது பொருந்தாது. அதே மடலில், அரங்கம் அறிந்த இசைவாணனும் தேர்ந்த புலவனும் ஒன்றுகூடுதலே சிறப்பென்று அவர் கூறுகின்றார். பின்னர் டா பொன்டே என்னும் அத்தகைய புலவரோடு கூடி 'ஃபிகாரோவின் திருமணம்' (1786) முதலிய மூன்றனை ஆக்கவும் செய்தார். 1942-இல் ரிச்சர்ட் ஸ்ட்ராஸ் 'கப்ரிச்சியோ'வில் இவ்வழக்கை மீண்டும் எடுத்தார். புலவனும் இசைவாணனும் ஒரு பெருமாட்டியின் காதலை வேண்டி நிற்க, அவள் எவரையும் தேராமலே திரை விழுகின்றது.

இருவரையும் ஒருவரே ஆக்கியவர் வாக்னர். 'நிபெலுங்கின் கணையாழி'யின் நான்கு நாடகங்களையும் அவரே எழுதினார். தலைவனின் இறப்பைக் கூறும் இறுதிப் பகுதியை 1848-இல் முதலில் எழுதி, அதற்கு முன்கதை, அதற்கும் முன்கதை எனப் பின்னோக்கிச் சென்று, 1853-இல் முழுப்பனுவலையும் ஐம்பது படிகள் அச்சிட்டார். இசை முற்றுப்பெற்றது 1874-இல். அவர் கையாண்ட யாப்பு தமிழ் மாணவரின் கருத்தைக் கவரத்தக்கது. இறுதி இயைபை நீக்கி, பண்டைச் செருமானியச் செய்யுளின் முதலெழுத்து ஒன்றலை அவர் மேற்கொண்டார். நம் மோனையோடு ஒப்புநோக்கத்தக்க அவ்வமைப்பு, பொருளால் உறவுடைய சொற்களை ஒலியாலும் உறவாக்கும் என்பது அவர் கொள்கை. படிக்குங்கால் அவ்வடிகள் சில இடங்களில் செயற்கையாகவே தோன்றுகின்றன என்பதை மறைத்தற்கில்லை. ஆயின் சொல்லைக் காப்பதில் அவர்க்கிருந்த கவலை பெரிது. பைராய்த் நகரில் தாம் கட்டிய அரங்கில் இசைக்குழுவை மேடைக்கடியில் தாழ்த்தி மூடி அமைத்தார். 1876-இல் முதல் நிகழ்ச்சிக்குமுன், பெரிய சுரங்கள் தாமே வரும், சிறிய சுரங்களும் அவற்றின் சொல்லுமே தலையாயவை என்னும் அறிவுறுத்தலைப் பாடகர்க்கு எழுதி ஒட்டினார்.

அவ்வளவு கவலைக்குப் பின்னும் சொல் ஏன் விளங்குவதில்லை? குறை எப்போதும் பாடுவோரின் ஒலிப்பில் இல்லை; ஒலியின் இயற்கையிலேயே உள்ளது. ஒலிபெருக்கியின் துணையின்றி இசைக்குழுவை மீறிக் கேட்கவேண்டிய குரல், நொடிக்கு 3,000 அதிர்வுகளை ஒட்டிய பகுதியில் ஆற்றலைத் திரட்டிக்கொள்ளப் பயிற்றப்படுகின்றது. இசைக்குழுவின் ஆற்றல் அப்பகுதியில் குறைவு. இதனைச் சுவீடன் நாட்டு ஆராய்ச்சியாளர் சுந்த்பெரி 1970-களில் விளக்கினார். இது குரல் கேட்பதற்கு வழி. சொல் விளங்குதற்கு அன்று. உயிரொலிகளை வேறுபடுத்துவன வாயறையின் ஒத்ததிர்வுகள். இதழ் குவிந்து பிறக்கும் ஊகாரத்திற்கும், நாவிளிம்பு மேலெழப் பிறக்கும் ஈகாரத்திற்கும் முதல் ஒத்ததிர்வு ஏறத்தாழ 300 அளவில் அமையும். பெண்குரலின் உச்சத்திலோ அடிப்படைச் சுரமே 1,000-ஐக் கடக்கின்றது. அவ்வுயரத்தில் ஈகாரத்தை ஈகாரமாக்கும் அதிர்வுக்கு இடமே இல்லை. பாடுவோர் வாயை மேலும் அங்காக்க, எல்லா உயிரும் ஆகாரத்தை நோக்கிச் சாய்கின்றன.

இதனை அறிந்த புலவனே நல்ல பனுவலாசிரியன். அவன் உச்சச் சுரம் வரக்கூடிய இடத்தில் அங்காப்பு மிக்க சொல்லை வைப்பான். கதைக்கு இன்றியமையாத செய்தியை இசையுரையில் சொல்லிவிடுவான். ஆரியாவில் புதுச் செய்தி சொல்லான், கேட்டோர் முன்னரே அறிந்ததை விரிப்பான். வெர்டி தம் புலவரிடம் வேண்டியதும் இதுவே. ஒரு நிலைமையைக் கண்முன் நிறுத்தும் ஒற்றைச் சொல்லை 'மேடைச்சொல்' என அவர் 1870-இல் எழுதிய மடலில் குறிக்கின்றார். அதற்காகச் செய்யுளழகை இழக்கவும் துணிதல் வேண்டும் என்பது அவர் கருத்து. பொய்தோ, ஷேக்ஸ்பியரின் 'ஒத்தெல்லோ'வை வெர்டிக்காகச் (1887) சுருக்கியபோது வெனிசில் நிகழும் முதல் அங்கத்தை முற்றும் நீக்கினார். நீக்கிய அங்கத்தில், தம் காதல் வளர்ந்த வரலாற்றை ஆட்சிமன்றத்தார்முன் ஒத்தெல்லோ எடுத்துரைக்கும் பகுதியை, நள்ளிரவில் தலைவனும் தலைவியும் கூடிப் பாடும் பாட்டாக மாற்றினார். மன்றத்துச் சான்று இருவர்க்கிடையே நினைவாயிற்று. இயாகோ தன் தீமையைத் தானே அறிக்கையிடும் பாட்டோ மூலத்தில் இல்லாதது. இச்செயலைச் சுருக்கம் என்பதினும் ஆக்கம் என்பதே தகும். பனுவல் இலக்கியமன்று என்பார் 'ஒத்தெல்லோ'வையும் அதனையும் அருகருகே வைத்துப் படிப்பாராக.

எல்லாப் பனுவலும் இத்தகையன என்று யாம் கூறவில்லை. பிஸேயின் 'முத்துக் குளிப்போர்' (1863) இலங்கைக் கடற்கரையில் நிகழ்வது. மன்னார்க் கடலின் முத்துக்குளிப்பை அறிந்த நாம் ஆர்வத்தோடு திறந்தால், நாதிர், லெயிலா என்னும் பெயருடையார் பிரமனை நோக்கி வேண்டக் காண்கின்றோம். கதையை முதலில் மெக்சிகோவில் அமைத்திருந்தனர் என்று அறியும்போது வியப்பு நீங்கிவிடுகின்றது. இரு ஆண்குரல்கள் கூடிப் பாடும் அதன் பாட்டு உலகப் புகழ் பெற்றது. அப்புகழில் பனுவலாசிரியர்க்குப் பங்கு சிறிதே.

சொல் விளங்கவேண்டும் என்பதனால் முன்னர் ஒவ்வொரு நாட்டாரும் தத்தம் மொழியில் பெயர்த்தே பாடினர். இத்தாலியில் வாக்னர் இத்தாலியத்தில் ஒலித்தார். இருபதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் மூலமொழியிலேயே பாடும் வழக்கம் வலுப்பெற, கேட்போர்க்கும் பனுவலுக்கும் இடையே தொலைவு மிகுந்தது. 1983 சனவரியில் டொரான்டோ நகரில் ஸ்ட்ராஸின் 'எலெக்ட்ரா' நடைபெற்றபோது, மொழிபெயர்த்த வரிகளை மேடைக்குமேல் ஒளியால் காட்டும் முறை முதன்முதல் புகுந்து விரைவில் எங்கும் பரவியது. நாடகத்தினின்றும் கண்ணைப் பிரிக்கின்றது என்று அதனைக் கடிந்தோர் பலர். எனினும் பனுவலை ஒரு வரியும் விடாது படிக்கும் மக்கள் ஓபெராவிற்கு மீண்டும் வாய்த்தனர். நகைநாடகங்களில் பாடுவோர் அச்சொல்லை எட்டுமுன்னரே அவையோர் படித்துச் சிரித்துவிடுவதும் உண்டு. ஆதலின் வரியை எந்நொடியில் காட்டுவதென இசைக்குறிப்பைப் பார்த்துக் கணிக்கும் ஒருவர் இன்று அரங்குதோறும் அமர்ந்திருக்கின்றார்.