தமுக்கு நின்றது, தகவல் நிற்கக் கூடாது

"இதனால் சகலமானவர்களுக்கும் அறிவிப்பது என்னவென்றால்..." என்ற குரல் கேட்டதும், மாட்டுக்குத் தண்ணீர் காட்டிக் கொண்டிருந்தவரும் வாளியை வைத்துவிட்டுத் தெருவுக்கு வருவார். அடுத்து வருவது ஏரி மதகு திறக்கும் செய்தியாக இருக்கலாம். கிஸ்தி கட்டுவதற்குக் கடைசி நாளாகவும் இருக்கலாம். எழுதப் படிக்கத் தெரியாத குடியானவருக்குத் தண்டோராதான் அரசிதழ்.

வயலுக்குப் போனவர்கள் வீடு திரும்பும் நேரம் பார்த்தே தண்டோரா போடப்பட்டது. தப்பை வைக்கோல் தீயில் காய்ச்சி, சாவடியில் தொடங்கி, தெரு முனைதோறும் நின்று அடித்துச் சொல்வார்கள்.

பயிருக்கும் பட்டிக்கும்

தண்டோராவில் பெரும்பாலும் விவசாயக் காரியங்களே சொல்லப்பட்டன. வாய்க்கால் தூர் வார வீட்டுக்கு ஓர் ஆள் வர வேண்டும், அறுவடை முடியும் வரை மாடுகளை அவிழ்த்து விடக் கூடாது, மீறினால் பட்டியில் அடைக்கப்படும், ஏரி மீனும் புளியமர மகசூலும் ஏலம், கால்நடைகளுக்குத் தடுப்பூசி, ஜமாபந்தி தேதி, ஆற்றில் வெள்ளம், கரையோரத்தார் மேட்டுக்குப் போக வேண்டும் என்பவை அவற்றில் சில.

சட்டத்திலும் தமுக்குக்கு இடம் உண்டு. 1908ஆம் ஆண்டு சிவில் நடைமுறைச் சட்டப்படி, நிலத்தை ஜப்தி செய்யும் உத்தரவை அந்த நிலத்திலோ அருகிலோ தமுக்கடித்து, அல்லது வழக்கமான வேறு முறையில், அறிவிக்க வேண்டும். கடன்பட்ட விவசாயி, தொகையை விட, தன் வரப்பில் தமுக்குச் சத்தம் கேட்பதற்கே அதிகம் அஞ்சினார்.

அடித்தவரின் நிலை

ஊருக்கெல்லாம் செய்தி சொன்னவருக்கு ஊர் மரியாதை தரவில்லை. பிறப்பின் பெயரால் இவ்வேலை தாழ்த்தப்பட்ட மக்கள் மேல் சுமத்தப்பட்டது. களத்தில் அளந்து போட்ட நெல்லே பல ஊர்களில் கூலி. நள்ளிரவானாலும் மழையானாலும் கூப்பிட்டால் போக வேண்டும், மறுக்க வழியில்லை.

2022ஆம் ஆண்டு ஆகஸ்டில், அன்றைய தலைமைச் செயலாளர் வெ. இறையன்பு மாவட்ட ஆட்சியர்களுக்கு எழுதிய கடிதத்தில், தண்டோரா போடும் வழக்கத்தை நிறுத்தி, வாகனங்களில் ஒலிபெருக்கி பொருத்தி அறிவிக்குமாறு கூறினார். இது நியாயமான முடிவு. ஒரு மனிதரைத் தாழ்த்தித்தான் ஊருக்குச் செய்தி சேர வேண்டும் என்பதில்லை.

கடைமடைக்கும் கேட்க வேண்டும்

ஆனால் தண்டோராவின் ஒரு நல்ல அம்சத்தைக் கைவிடலாகாது. சொன்னவர் தெருவில் நின்றார். "எந்த மதகு? எத்தனை நாளைக்கு?" என்று கேட்டால் பதில் கிடைத்தது. ஒலிபெருக்கி ஆட்டோவோ நிற்காமல் போய்விடுகிறது. முறைத் தண்ணீர் என்றைக்கு என்று தெரியாத கடைமடைக்காரரின் பயிர்தான் முதலில் காய்கிறது.

பயிர்க் காப்பீட்டையே எடுத்துக் கொள்ளலாம். பிரதமர் பயிர்க் காப்பீட்டுத் திட்டத்தில் ஆலங்கட்டி மழை, வயலில் வெள்ளம் தேங்குதல் போன்ற தனி வயல் சேதங்களை 72 மணி நேரத்துக்குள் தெரிவிக்க வேண்டும். இந்தக் கெடு காதில் விழாதவர், பிரீமியம் கட்டியும் இழப்பீட்டை இழக்க நேரிடும்.

எனவே, அறிவிப்பு வண்டி காலனி உட்பட ஒவ்வொரு தெருவிலும் நின்று, இரண்டு முறை நிதானமாகச் சொல்லிச் செல்லும்படி ஊராட்சியைக் கேட்க வேண்டும். அதே செய்தி ரேஷன் கடையிலும் கூட்டுறவுச் சங்கத்திலும் பெரிய எழுத்தில் ஒட்டப்பட வேண்டும். கிராம சபையில் இதைத் தீர்மானமாகவே கொண்டு வரலாம். சந்தேகம் கேட்க, 2004 முதல் இயங்கும் கிசான் அழைப்பு மையத்துக்கு 1800-180-1551 என்ற எண்ணில் கட்டணமின்றிப் பேசலாம். தமிழிலேயே பதில் கிடைக்கும்.

கேட்டவர் கேளாத பக்கத்து வயல்காரருக்கும் ஒரு வார்த்தை சொல்லி வைப்பது நல்லது.