தோட்டா யந்திரத்தில் பிரைமர் ஊட்டியைச் சரிப்படுத்தும் முறை

துப்பாக்கித் தோட்டா நான்கு உறுப்புகளால் ஆயது. பித்தளைக் கூடு, அதன் அடிப்புறக் குழியில் பதிக்கப்பட்ட பிரைமர், உள்ளே நிரப்பிய மருந்து, முகப்பில் செருகிய குண்டு என்பன அவை. சுட்ட பின்னர் குண்டு பறந்து போகிறது; மருந்து எரிந்து தீர்கிறது; பிரைமர் வெடித்துப் பயனற்றதாகிறது. கூடு ஒன்றே எஞ்சுகிறது. அக்கூட்டைத் துப்புரவாக்கி, முன்னைய அளவிற்குக் கொணர்ந்து, ஏனைய மூன்றையும் புதிதாக இட்டு மீண்டும் உபயோகிக்கும் வழக்கம் அமெரிக்க ஐக்கிய நாடுகளில் குறி பார்த்துச் சுடுவோரிடையே பெரிதும் பரவியுள்ளது. இந்தியாவில், 1959ஆம் ஆண்டின் ஆயுதச் சட்டப்படி, உரிமம் இன்றித் தோட்டா தயாரித்தல் குற்றமாகும். ஆயினும், அபாயமான பொருளொன்றை யந்திரத்தின் வாயிலாகக் கையாள்வது எங்ஙனம் என்பதற்கு, இத்தொழிலில் பயன்படும் பிரைமர் ஊட்டி நல்லதோர் உதாரணமாக விளங்குகிறது.

பிரைமரின் இயல்பு

பிரைமர் என்பது மிகச் சிறிய உலோகக் கிண்ணம். அதனுள் அடியால் வெடிக்கும் கலவை சிறிதளவு அடைக்கப்பட்டிருக்கும். அதன் எடை, சாதாரணமாக, ஒரு கிராமில் இருபதில் ஒரு பங்குக்கும் குறைவே. கலவையின் மீது பட்டடை எனப்படும் சிறு உலோகத் துண்டு அமர்ந்திருக்கும். துப்பாக்கியின் ஊசி கிண்ணத்தின் முதுகில் அடித்தவுடன், கலவை ஊசிக்கும் பட்டடைக்கும் இடையே நசுங்கி வெடித்து, கூட்டின் துவாரத்தின் வழியே தீயைச் செலுத்தி, உள்ளிருக்கும் மருந்தைப் பற்றவைக்கிறது.

அடியால் வெடிக்கும் பொருளைத் துப்பாக்கிக்கு முதன்முதல் பயன்படுத்தியவர் ஸ்காத்லாந்தைச் சேர்ந்த பாதிரியார் அலெக்ஸாந்தர் போர்ஸித் ஆவார். அவர் 1807ஆம் ஆண்டில் இதற்குக் காப்புரிமை பெற்றார். பின்னர் நெடுங்காலம் பாதரச பல்மினேட் என்னும் உப்பே பிரைமர்களில் பெரிதும் வழங்கியது. அது வெடிக்கும்போது வெளிப்படும் பாதரசம் பித்தளையுடன் கலந்து அதனை நொறுங்கும் தன்மையதாக ஆக்கிவிடும்; அத்தகைய கூட்டை மீண்டும் நிரப்புதல் இயலாது. இருபதாம் நூற்றாண்டில் ஈய ஸ்டிப்னேட் என்னும் பொருள் அதன் இடத்தைப் பெற்றதால் இக்குறை நீங்கியது.

இன்றைய பிரைமர்களில் இரு வகைகள் உண்டு. இங்கிலாந்தின் பாக்ஸர் அமைத்த வகையில் பட்டடை பிரைமருக்குள்ளேயே இருக்கும். கூட்டின் நடுவில் ஒரே துவாரம் இருக்கும். அமெரிக்கரான பெர்டன் அமைத்த வகையில் பட்டடை கூட்டின் குழியிலேயே அமைந்திருக்கும். துவாரங்கள் பக்கத்திற்கு ஒன்றாக இருக்கும். இரண்டும் 1866ஆம் ஆண்டைச் சேர்ந்தவை. வியப்பு யாதெனில், ஆங்கிலேயரின் வகை அமெரிக்காவிலும், அமெரிக்கரின் வகை ஐரோப்பாவிலும் வேரூன்றின. நடுத் துவாரத்தின் வழியே ஊசியைச் செலுத்திப் பழைய பிரைமரை எளிதில் தள்ளிவிடலாம் ஆதலின், மீண்டும் நிரப்புவதற்கு ஏற்றது பாக்ஸர் வகையே.

ஊட்டியின் வேலை

கைப்பிடியை ஒருமுறை இழுத்துத் தள்ளினால் ஒரு தோட்டா முடிவுபெறும் யந்திரங்களில், பிரைமர்கள் மெல்லிய குழாய் ஒன்றில் ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கப்படுகின்றன. வழக்கமாக ஒரு குழாய் நூறு பிரைமர்களைக் கொள்ளும். குழாயின் அடியில் நழுவு சட்டம் ஒன்று முன்னும் பின்னும் செல்கிறது. பின்னே சென்றபொழுது அதன் கிண்ணத்தில் ஒரு பிரைமர் இறங்குகிறது. முன்னே வந்தபொழுது அது கூட்டின் குழிக்கு நேர்கீழே நிற்கிறது. அப்போது கைப்பிடியைத் தள்ளினால், கிண்ணத்தின் நடுவிலுள்ள உந்துமுனை பிரைமரைக் குழியினுள் அழுத்துகிறது.

இங்கே ஒரு முரண்பாட்டைக் காணலாம். அடிபட்டவுடன் வெடிக்க வேண்டும் என்பதற்காகவே செய்யப்பட்ட பொருளை, அடி படாமல் கொண்டு சேர்க்க வேண்டும். மேலும், கடையில் விற்கும் பெட்டியில் ஒவ்வொரு பிரைமரும் தனித்தனிக் குழியில் இடைவெளியுடன் கிடக்கிறது. குழாயிலோ நூறும் ஒன்றையொன்று தொட்டுக்கொண்டிருக்கின்றன. கீழே ஒன்று வெடித்தால் மேலுள்ளவை யாவும் உடன் வெடிக்கக்கூடும். இதனாலேயே குழாயைச் சுற்றித் தடித்த உருக்குக் கவசம் அமைக்கப்படுகிறது. அது வெடிப்பைப் பக்கங்களில் பரவவொட்டாது மேல்நோக்கிச் செலுத்தும். ஆகவே, குழாயின் மேல் தலையைச் சாய்த்து உள்ளே நோக்குதல் ஒருபோதும் ஆகாது.

சரிப்படுத்துமுன் செய்ய வேண்டுவன

முதற்கண் ஊட்டியிலுள்ள பிரைமர்கள் அனைத்தையும் வெளியேற்றிவிட வேண்டும். மருந்துக் கலத்தையும் அப்பால் அகற்றுதல் நலம். கண்ணுக்குக் காப்புக் கண்ணாடி இன்றியமையாதது. சட்டம் செல்லும் பாதையில் பித்தளைத் தூளும், பிரைமரிலிருந்து உதிர்ந்த கலவைத் தூளும் சேர்ந்திருக்கும். பின்னது தானே வெடிக்கும் தன்மையது. எனவே ஈரத்துணியால் மெல்ல ஒற்றி எடுக்க வேண்டும். அதில் ஈயம் கலந்திருத்தலின், வேலை முடிந்ததும் கையைக் கழுவுதல் அவசியம்.

பிரைமர்களில் சிறியவை ஏறக்குறைய 0.175 அங்குலமும், பெரியவை 0.210 அங்குலமும் குறுக்களவு உடையன. ஒன்றிலிருந்து மற்றொன்றிற்கு மாறும்போது குழாய், கிண்ணம், உந்துமுனை ஆகிய யாவற்றையும் சேர்த்தே மாற்ற வேண்டும். ஒன்று விடுபட்டாலும் கோளாறு நேரும்.

மூன்று சரிப்பாடுகள்

முதலாவது, நேர்மை. சட்டம் பின்னே சென்று நிற்குமிடத்தில் கிண்ணத்தின் நடுவும் குழாயின் நடுவும் ஒன்றியிருத்தல் வேண்டும். முன்னே நிற்குமிடத்தில் கிண்ணத்தின் நடுவும் கூட்டின் குழியின் நடுவும் ஒன்றியிருத்தல் வேண்டும். சட்டத்தின் எல்லையை வரையறுக்கும் திருகாணியைச் சிறிது சிறிதாகத் திருப்பி இதனைச் சீர்செய்யலாம். ஒவ்வொரு முறையும் கால் சுற்றுக்கு மேற்படாமல் திருப்பி, வெறும் யந்திரத்தை மெல்ல இயக்கிப் பார்த்தல் முறையாகும்.

இரண்டாவது, கிண்ணத்தின் ஆழம். கிண்ணத்தில் இறங்கிய பிரைமரின் மேல்விளிம்பு சட்டத்தின் மேற்பரப்போடு சமமாக இருக்க வேண்டும். உயர்ந்து நின்றால், சட்டம் நகரும்போது அதன் விளிம்பு குழாயின் வாயில் சிக்கும். மிகவும் தாழ்ந்திருந்தால், அடுத்த பிரைமர் பாதி இறங்கி, சட்டத்திற்கும் குழாய்க்கும் இடையே கத்தரிக்கோலில் அகப்பட்ட பொருளைப் போல நெரிபடும். இவ்விரண்டும் வெடிப்பிற்கு வழிகோலுவன. குழாயின் நுனி தேய்ந்திருப்பினும் இதே விளைவு ஏற்படுமாதலால், தேய்ந்த நுனியை உடனே மாற்ற வேண்டும்.

மூன்றாவது, கூடுகளைத் தாங்கும் தட்டின் இறுக்கம். தட்டு தளர்ந்திருந்தால் கூடு சாய்ந்து, பிரைமர் கோணலாக நுழையும். மிகவும் இறுகியிருந்தால் தட்டு தடைபட்டு, பின்னர் துள்ளிச் சுழலும். தட்டு ஆடாமலும், அதே வேளையில் தடையின்றியும் சுழலும் அளவில் நிறுத்தி, பூட்டுத் திருகாணியை முடுக்க வேண்டும்.

பதியும் ஆழம்

பிரைமர் கூட்டின் அடிப்பரப்பிற்குச் சமமாகவோ, சிறிது தாழ்ந்தோ அமர வேண்டும். ஓர் அங்குலத்தில் ஆயிரத்தில் மூன்று முதல் ஐந்து பங்கு வரை தாழ்ந்திருத்தல் பலராலும் விரும்பப்படும் அளவாகும். இது இரு காரணங்களால் முக்கியமானது. பிரைமர் வெளியே துருத்தி நின்றால், தானியங்கித் துப்பாக்கியின் பூட்டு மூடும்போதே அதன்மேல் மோதி, விசையை இழுக்குமுன் தோட்டா வெடித்துவிடக்கூடும். அவ்வாறு நேராவிடினும், ஊசியின் அடி பிரைமரை உள்ளே தள்ளுவதில் வீணாகி, தோட்டா வெடிக்காமற் போகலாம். பட்டடையின் கால்கள் குழியின் தரையில் நன்கு ஊன்றியிருந்தாலன்றி அடியின் விசை கலவைக்கு முழுமையாகச் சேராது. முடிந்த கூட்டின் அடியை விரல் நுனியால் தடவிப் பார்ப்பது எளிய சோதனை. நேரான உலோக விளிம்பொன்றை வைத்துப் பார்ப்பது அதனினும் நம்பத்தக்கது.

இராணுவத்தில் சுட்ட கூடுகள் பலவற்றில், பிரைமர் கழலாதிருக்கக் குழியின் வாய் சுற்றிலும் நசுக்கப்பட்டிருக்கும். அந்த விளிம்பை முன்னதாகவே அகற்றாவிடில், ஊட்டியை எவ்வளவு சரிப்படுத்தினும் பிரைமர் நுழையாது.

தடை நேர்ந்தால்

வேலையின் நடுவே கைப்பிடி வழக்கத்தினும் கடினமாக இருப்பதாக உணர்ந்தால், அதுவே யந்திரம் தரும் எச்சரிக்கை. அங்கேயே நிறுத்த வேண்டும். ‘இன்னும் சிறிது அழுத்தினால் போய்விடும்’ என்னும் எண்ணமே பேராபத்திற்குத் தோற்றுவாய். கைப்பிடி நெம்புகோலாக இயங்குதலின், கை செலுத்தும் சிறு விசை நுனியில் பன்மடங்காகப் பெருகுகிறது என்பதை மறத்தலாகாது. குழாயில் சிக்கிய பிரைமரைக் கம்பியால் குத்தி இறக்க முயல்வது மிகக் கொடிய தவறாகும். முதலில் குழாயைச் சட்டத்தினின்றும் பிரித்தெடுத்து, சிக்காத பிரைமர்களை வெளியேற்றி, அதன் பின்னரே தடையின் காரணத்தை ஆராய வேண்டும். பெரும்பாலும் அது ஒரு தூசியாகவோ, பித்தளைச் சீவலாகவோ, தளர்ந்த திருகாணியாகவோ இருக்கும்.

சரிப்படுத்தல் முடிந்ததும் உடனே குழாயை நிரப்பிவிடுதல் கூடாது. முதலில் வெறும் யந்திரத்தை இயக்க வேண்டும். பின்னர் மருந்தும் குண்டும் இல்லாத கூடுகளில் நாலைந்து பிரைமர்களை மட்டும் பதித்துப் பார்க்க வேண்டும். அவை யாவும் நேராகவும், ஒரே ஆழத்திலும், கைப்பிடியின் ஒரே சீரான அழுத்தத்திலும் அமர்ந்தால் ஊட்டி செம்மையுற்றது எனக் கொள்ளலாம். விசையின் அளவை உணரும் கையும், தடை தோன்றியவிடத்தே நிற்கும் பொறுமையுமே இவ்யந்திரத்திற்குத் தலையாய காப்பாகும்.