எது முன்னே, எது பின்னே?

சூப்பர்ஹீரோ காமிக்ஸில் காலப்பயணமும், அதற்குக் கணக்கு வைக்கும் ரசிகர்களும்

மின்னல் வேகத்தில் ஓடும் சூப்பர்ஹீரோ ஃப்ளாஷின் பரம எதிரி யோபார்ட் தாவ்ன் முதன்முதலில் தலைகாட்டியது 1963-ல். ஃப்ளாஷின் கையாலேயே அவன் இறந்தது 1983-ல். ஃப்ளாஷ்மீது அவனுக்கு அத்தனை வெறி எப்படி வந்தது என்று விளக்கும் கதையோ 1993-ல்தான் வெளிவந்தது. எழுதிய வரிசையில் கடைசிக் கதை. அவன் வாழ்க்கை வரிசையில் முதல் கதை. இந்த மூன்றையும் ஒரே தொகுப்பில் போட்டால் எதை முன்னே வைப்பது?

சூப்பர்ஹீரோ காமிக்ஸ் ரசிகர்கள் நாலு பேர் கூடினால் இப்படியொரு கேள்வி கிளம்பாமல் இருக்காது. மாதாமாதம் இதழ் வாங்கிப் படித்த தலைமுறைக்கு இது ஞாபகசக்தியை நம்பிய வாதம். 1987-ல் மார்வெல் நிறுவனம் 'மாஸ்டர்வொர்க்ஸ்' வரிசையையும், 1989-ல் டிசி நிறுவனம் 'ஆர்க்கைவ்ஸ்' வரிசையையும் தொடங்கிய பிறகு பழைய கதைகள் கெட்டி அட்டைத் தொகுப்புகளாக வீட்டு அலமாரிக்கே வந்தன. இன்று ஆம்னிபஸ் எனப்படும் பெருந்தொகுப்புகள் ஆயிரம் பக்கங்களைத் தாண்டியும் ஓடுகின்றன. யார் எப்போது என்ன சொன்னார்கள் என்பதைப் பக்கத்தைப் புரட்டிச் சரிபார்த்துவிடலாம். கதைகளுக்கு இடையே இருக்க வேண்டிய இந்தப் பொருத்தத்தைத்தான் ரசிகர்கள் 'கன்டினியுட்டி' என்கிறார்கள்.

ஒரு வரியும் அழிக்காத திருத்தம்

பேரி ஆலன் 1956-ல் அறிமுகமான ஃப்ளாஷ். 1961-ல் அவருக்குக் 'காஸ்மிக் ட்ரெட்மில்' கிடைத்தது. அதன்மேல் ஓடினால் எந்தக் காலத்துக்கும் போகலாம். 1985-ல் 'க்ரைசிஸ் ஆன் இன்ஃபினிட் எர்த்ஸ்' தொடரின் 8-ஆம் இதழில் அவர் உலகத்துக்காக உயிரைக் கொடுத்தார். அவருடைய மனைவியின் சகோதரர் மகன் வாலி வெஸ்ட் ஃப்ளாஷின் சிவப்பு உடையை அணிந்துகொண்டான்.

1993-ல் மார்க் வெய்ட் எழுதி, க்ரெக் லரோக் வரைந்த கதையில் பேரி ஆலன் உயிரோடு வந்து நிற்கிறார். வாலிக்கு ஆனந்தம் தாங்கவில்லை. நாளாக ஆக, வந்தவர் நடத்தையில் ஏதோ பிசகுகிறது. கடைசியில் உண்மை உடைகிறது. வந்திருப்பவன் தாவ்ன். ஆனால் 1963-க்கு முந்தைய தாவ்ன். 25-ஆம் நூற்றாண்டில் ஃப்ளாஷைக் கடவுளாகக் கும்பிட்டவன். முகத்தைக்கூட அவரைப்போல மாற்றிக்கொண்டவன். தன் நாயகனைப் பார்க்கக் காலம் கடந்து வந்தவன், பேரி இறந்த பிறகான ஆண்டுகளில் வந்து இறங்கிவிடுகிறான். அங்கே அருங்காட்சியகத்தில் தன் பெயரையே காண்கிறான்: நீ ஒரு வில்லன் ஆவாய், உன் நாயகன் கையால் சாவாய். அந்த அதிர்ச்சியில் புத்தி பேதலித்து, நானே பேரி ஆலன் என்று நம்பத் தொடங்குகிறான்.

கதை முடிவில் அவன் தன் காலத்துக்கே துரத்தப்படுகிறான். நடந்தது நினைவில் இல்லை. வெறுப்பு மட்டும் தங்கிவிடுகிறது. 1963-ல் வந்த வில்லன் அங்கிருந்துதான் புறப்படுகிறான்.

இந்தக் கதை பழைய இதழ்களில் ஒரு சொல்லைக்கூட மாற்றவில்லை. ஆனாலும் இதைப் படித்தவர் பழைய தொகுப்பை மறுபடி எடுத்தால், அங்கே சிரிக்கும் வில்லன் முகத்தில் ஏமாந்த ஒரு பக்தனைப் பார்ப்பார். காலப்பயணக் கதை செய்யக்கூடிய மிகப் பெரிய காரியம் இது. முன்னோர் எழுதியதை அப்படியே வைத்துக்கொண்டு அதன் பொருளை ஆழமாக்குவது.

பழசை வெட்டும் திருத்தம்

அதே தாவ்னை வைத்து எதிர்த் திசையிலும் போனார்கள். 2009-ல் ஜெஃப் ஜான்ஸ் எழுதிய 'ஃப்ளாஷ்: ரீபர்த்' கதையில் தாவ்ன் காலத்தில் பின்னோக்கிப் போய், பேரி சிறுவனாக இருக்கும்போதே அவருடைய தாயைக் கொன்றுவிடுகிறான். அறுபதுகளின் கதைகளில் பெற்றோர் இருவரும் உயிரோடு இருந்தார்கள். 2011-ல் வந்த 'ஃப்ளாஷ்பாயிண்ட்' தொடரில் பேரி கடந்த காலத்துக்கு ஓடித் தாயைக் காப்பாற்ற, உலகமே தடம் மாறுகிறது. அந்தக் குழப்பம் அடங்கியபோது டிசி தன் வரிசை முழுவதையும் 52 தொடர்களாகப் புதிதாகத் தொடங்கியது. கால் நூற்றாண்டு ஃப்ளாஷாக ஓடிய வாலி வெஸ்ட், அவன் மனைவி, பிள்ளைகள் எல்லாரும் காணாமல் போனார்கள்.

ரசிகர்கள் கொதித்தது இங்கேதான். வாலி சிறுவனாக வந்து, தடுமாறி, பொறுப்பேற்று, குடும்பஸ்தன் ஆனதை அவர்கள் மாதாமாதம் கூடவே இருந்து பார்த்தவர்கள். அதெல்லாம் நடக்கவே இல்லை என்பதை எப்படி ஏற்பார்கள்? 2016-ல் டிசி வாலியைத் திரும்பக் கொண்டுவந்தது. காலத்துக்கு வெளியே சிக்கிய அவன், தன்னை நினைவிருக்கிறதா என்று ஒவ்வொருவராகத் தேடிப் போகிறான். மனைவி லிண்டாவுக்கே அடையாளம் தெரியவில்லை. பேரிதான் கடைசியில் அவன் பெயரைச் சொல்கிறார். வாசகரின் இழப்பைக் கதாபாத்திரத்தின் இழப்பாகவே எழுதிய பக்கங்கள் அவை.

மார்வெல் வகுத்த வழி

மார்வெல் காலப்பயணத்துக்கு வேறொரு விதி வைத்திருக்கிறது. 1979-ல் ஜான் பைர்ன் எழுதி வரைந்த 'மார்வெல் டூ-இன்-ஒன்' 50-ஆம் இதழில், கல்லுடம்பு பென் க்ரிம் மருந்தோடு கடந்த காலத்துக்குப் போகிறான். தன் பழைய உருவத்துக்கு அதைக் கொடுத்து மனிதனாக்கிவிட்டுத் திரும்புகிறான். திரும்பி வந்தால் இவன் உடம்பு அதே கல்தான். அவன் குணப்படுத்தியது இன்னோர் உலகத்து பென்னை. கடந்த காலத்தைத் தொட்டால் புதிய கிளை ஒன்று பிரியும். அடிமரம் அப்படியே நிற்கும்.

1981-ல் கிறிஸ் க்ளேர்மான்ட்டும் பைர்னும் சேர்ந்து எழுதிய எக்ஸ்-மென் கதை 'டேஸ் ஆஃப் ஃப்யூச்சர் பாஸ்ட்'. கொடுங்கோல் எதிர்காலம் ஒன்றிலிருந்து எக்ஸ்-மென் வீராங்கனை கேட் ப்ரைட்டின் மனம் மட்டும் பின்னோக்கி வந்து, செனட்டர் கெல்லியின் கொலையைத் தடுக்கிறது. அந்தக் கொடிய எதிர்காலம் அழிந்ததா என்று ரசிகர்கள் மோதிக்கொண்டார்கள். அதே எதிர்காலத்திலிருந்து ரேச்சல் என்ற பெண் பின்னர் இங்கே வந்து சேர்ந்தபோது விடை கிடைத்தது: அழியவில்லை. இந்த முறையில் எந்தக் கதையும் வீணாவதில்லை. நினைத்தது நடந்துவிடும் என்ற ஆறுதலும் கிடையாது.

கடிதம் எழுதியவர்கள்

இந்த விதிகளை உருவாக்கியதில் வாசகருக்கும் பங்கு உண்டு. அறுபதுகளிலேயே ஸ்டான் லீ, பிழையைச் சுட்டி அதற்குப் பொருத்தமான சமாதானமும் எழுதி அனுப்பிய வாசகர்களுக்கு 'நோ-ப்ரைஸ்' கொடுத்தார். பரிசு, உள்ளே எதுவும் இல்லாத உறை. அதைப் பொக்கிஷமாக வைத்திருந்தவர்கள் உண்டு. 1981-ல் மார்வ் வுல்ஃப்மேன் 'க்ரீன் லேன்டர்ன்' ஆசிரியராக இருந்தபோது ஒரு வாசகர் கேட்டார்: ஏற்கெனவே சேர்ந்து வேலை செய்த இருவரில் ஒருவர் மற்றவரை எப்படி அடையாளம் தெரியாமல் விழிக்கலாம்? அந்தக் கடிதம் வுல்ஃப்மேனை யோசிக்க வைத்தது. அந்த யோசனைதான் பின்னாளில், பேரி உயிர்விட்ட 'க்ரைசிஸ்' தொடர் ஆயிற்று.

மார்க் க்ரூயன்வால்ட் ரசிகராக இருந்தபோதே காமிக்ஸின் இணை உலகங்களைப் பற்றி ஆய்வு எழுதி, 'ஆம்னிவெர்ஸ்' என்ற இதழை நடத்தியவர். 1978-ல் மார்வெலில் சேர்ந்தார். நிறுவனத்தின் எல்லாக் கதாபாத்திரங்களையும் தொகுத்த அதிகாரபூர்வக் கையேடு 1982-ன் இறுதியில் அவர் முயற்சியால்தான் வரத் தொடங்கியது. 1996-ல், 43 வயதில் இறந்தார். அவர் விருப்பப்படி, அவருடைய 'ஸ்குவாட்ரன் சுப்ரீம்' தொகுப்பின் முதல் பதிப்புக்கான மையில் அவரது அஸ்தியைக் கலந்து 1997-ல் அச்சிட்டார்கள்.

தொகுப்பாளரின் கடமை

வாசகரும் சேர்ந்து உருவாக்கிய கதைகள் என்பதால்தான் தொகுப்பாளருக்கு ஒரு கடமை இருக்கிறது. தொடக்கக் கேள்விக்கு என் பதில், வெளியான வரிசை. 1993 கதையை முதலில் படித்தவருக்கு 1963-ன் தாவ்ன் வெறும் தொடர்ச்சி. வெளியான வரிசையில் வருபவருக்குத்தான் முப்பது ஆண்டுப் பகை ஒரே நொடியில் தலைகீழாகும். கட்டங்களின் அடியில் "இன்ன இதழைப் பார்க்க" என்று ஆசிரியர் போட்ட குறிப்புகளை நீக்கக் கூடாது. வாசகர் கடிதப் பக்கங்களை இடம் பார்க்காமல் சேர்க்க வேண்டும். சில ஆம்னிபஸ்களில் ஏற்கெனவே சேர்க்கிறார்கள். அந்தப் பக்கங்கள் இல்லாவிட்டால், இந்தக் கதைகள் ஏன் இப்படித் திரும்பின என்பதில் பாதி புரியாது.

கன்டினியுட்டிக்காகச் சண்டை போடுபவர்களைச் சிறுபிள்ளைகள் என்று ஒதுக்குவது எளிது. அவர்கள் கேட்பதோ நியாயமான ஒன்று. ஒரு பாத்திரம் பட்ட கஷ்டம், செய்த தியாகம், கற்ற பாடம் எதுவும் அடுத்த எழுத்தாளரின் வசதிக்காக இல்லாமல் போய்விடக் கூடாது. அந்த நியாயத்தை மதித்து எழுதப்பட்ட காலப்பயணக் கதைகள்தான் முப்பது ஆண்டு கழித்தும் மறுபதிப்பு காண்கின்றன.