மழையை அளந்த தமிழறிஞர்

நுழையும்முன்

பொறியியல் படிப்பவருக்கு இலக்கியம் எதற்கு, தமிழ் படிப்பவருக்குக் கணக்கு எதற்கு என்னும் கேள்விகள் பதினொன்றாம் வகுப்பில் பாடப்பிரிவைத் தேர்ந்தெடுத்தபோது உங்கள் காதிலும் விழுந்திருக்கும். நீரியல் வல்லுநராகவும் கவிஞராகவும் துணைவேந்தராகவும் விளங்கிய பேராசிரியர் வா.செ. குழந்தைசாமியின் பணிகள் இக்கேள்விகளுக்கு விடை தருகின்றன. அவர் ஆராய்ந்த அறிவியல் உண்மை ஒன்றைத் திருப்பெரும்புதூர் – ஒரகடம் பகுதியின் நிலத்தோடு பொருத்திக் காண்போம்.

ஏரிகளின் நாடு

இராமானுசர் பிறந்த ஊர் திருப்பெரும்புதூர். அதனைச் சூழ்ந்த நிலப்பகுதி, காலங்காலமாக ஏரிப்பாசனத்தால் வாழ்ந்தது. ஓர் ஏரி நிரம்பியதும் மிகுநீர் கலங்கல் வழியாக வெளியேறிக் கால்வாயில் ஓடி அடுத்த ஏரியை அடையும். இவ்வாறு மேட்டிலிருந்து பள்ளம் நோக்கி ஏரிகள் சங்கிலியாகப் பிணைக்கப்பட்டிருந்தன.

கடந்த முப்பது ஆண்டுகளில் இந்நிலத்தின் தோற்றம் மாறியது. 1998இல் இருங்காட்டுக்கோட்டையில் ஹூண்டாய் நிறுவனம் கார் உற்பத்தியைத் தொடங்கியது. 2006இல் திருப்பெரும்புதூரில் நோக்கியா கைப்பேசி ஆலை இயங்கத் தொடங்கி, 2014இல் மூடப்பட்டது. 2010இல் ஒரகடத்தில் ரெனோ – நிசான் ஆலை திறக்கப்பட்டது. பல்லாயிரம் இளைஞர்களுக்கு வேலை கிடைத்தது. அதே வேளையில், மழைநீரை உறிஞ்சிக்கொண்டிருந்த மண்ணின் ஒரு பகுதியைக் கூரைகளும் கற்காரைத் தளங்களும் தார்ச்சாலைகளும் மூடின. அங்கே பெய்யும் மழை எங்கே போகும்? எவ்வளவு விரைவாகப் போகும்? இவ்வினாக்களுக்குக் கணித வழியில் விடை தேடுவதே நீரியல்.

மழையும் வெள்ளமும்

கரூர் அருகிலுள்ள வாங்கலாம்பாளையத்தில் 1929இல் பிறந்த குழந்தைசாமி, அமெரிக்காவின் இல்லினாய் பல்கலைக்கழகத்தில் ஆய்வு செய்து 1964இல் முனைவர் பட்டம் பெற்றார். பெய்த மழைக்கும் ஆற்றில் ஓடும் வெள்ளத்திற்கும் உள்ள தொடர்பே அவரது ஆய்வுப்பொருள்.

பெய்யும் மழை முழுவதும் ஆற்றை அடைவதில்லை. ஒரு பகுதி மண்ணுக்குள் இறங்குகிறது. ஒரு பகுதி ஆவியாகிறது. எஞ்சியதே நிலத்தின்மேல் வழிந்தோடுகிறது. இந்த எஞ்சிய மழைக்கும் வெள்ளத்திற்கும் உள்ள உறவை 1932இல் ஷெர்மன் என்னும் அமெரிக்கப் பொறியாளர் ஓர் எளிய முறையால் விளக்கினார். எஞ்சிய மழை இருமடங்கானால் வெள்ளமும் இருமடங்காகும் என்பது அம்முறையின் அடிப்படை. ஆனால், இயற்கை எப்போதும் அவ்வளவு எளிய கணக்கிற்குள் அடங்குவதில்லை. வயலும் ஓடையும் ஏரியும் நீரைச் சிறிது நேரம் தேக்கிவைத்தே வெளியே விடுகின்றன. அவ்வாறு தேங்கும் நீரின் அளவு, உள்ளே வரும் நீரையும் வெளியேறும் நீரையும் மட்டுமன்றி, அவை நேரத்திற்கு நேரம் மாறும் வேகத்தையும் பொறுத்தது. இதனை உள்ளடக்கிய பொதுச்சமன்பாட்டைக் குழந்தைசாமி உருவாக்கினார். முன்னர் வழங்கிய சில முறைகள் அச்சமன்பாட்டின் தனிநிலைகளாக அமைந்தன. தம் பேராசிரியர் வென் தே சௌ அவர்களுடன் இணைந்து 1971இல் இவ்வாய்வை அவர் வெளியிட்டார். நீரியலார் இதனைக் 'குழந்தைசாமி மாதிரியம்' என வழங்குகின்றனர்.

தெரிந்து தெளிவோம்

2015 டிசம்பர் 2 காலையுடன் முடிந்த 24 மணி நேரத்தில் தாம்பரத்தில் 49 செ.மீ., செம்பரம்பாக்கத்தில் 47 செ.மீ. மழை பதிவானது. 3,645 மில்லியன் கன அடி கொள்ளளவுள்ள செம்பரம்பாக்கம் ஏரியிலிருந்து நொடிக்கு ஏறத்தாழ 29,000 கன அடி வரை நீர் திறக்கப்பட்டது. அந்நீர் அடையாற்றில் கலந்து சென்னையின் பல பகுதிகளை மூழ்கடித்தது.

தேக்கும் இடம் குறையக் குறைய வெள்ளத்தின் உச்சம் உயர்கிறது; அது வந்துசேரும் நேரமும் சுருங்குகிறது. எச்சரிக்கை பெற்று மேடான இடத்திற்குச் செல்லவேண்டிய குடும்பத்திற்கு அந்த நேரமே உயிர்காக்கும் பொழுது. ஓர் ஏரியின் வரத்துக்கால் தூர்ந்துபோவதும் ஒரு கலங்கல் அடைபடுவதும் எவ்வளவு பெரிய செய்திகள் என்பதை நீரியல் கணக்கு நமக்கு உணர்த்துகிறது.

கல்வி எல்லார்க்கும்

1981 முதல் 1990 வரை அண்ணா பல்கலைக்கழகத்தின் துணைவேந்தராகவும், 1990 முதல் 1994 வரை இந்திராகாந்தி தேசியத் திறந்தநிலைப் பல்கலைக்கழகத்தின் துணைவேந்தராகவும் குழந்தைசாமி பணியாற்றினார். வகுப்பறைக்கு வர இயலாதவரிடம் கல்வியே செல்லவேண்டும் என்பது திறந்தநிலைக் கல்வியின் நோக்கம். இரவுப் பணி முடித்து விடுதிக்குத் திரும்பும் தொழிற்பேட்டை இளைஞர் ஒருவர், வேலையை விடாமலே பட்டம் பெற அது வழிசெய்கிறது. ஏரிநீர் கடைமடை வயலையும் எட்டவேண்டும் என்பதைப் போன்றதே இக்கொள்கையும். 2001இல் தொடங்கப்பெற்ற தமிழ் இணையப் பல்கலைக்கழகத்தை உருவாக்குவதிலும் அவர் முன்னின்றார். உலகின் எந்த மூலையில் இருப்பவரும் தமிழ் கற்கும் வாய்ப்பு அதனால் உண்டானது.

தமிழும் பொறியியலும்

'குலோத்துங்கன்' என்னும் புனைபெயரில் அவர் கவிதைகள் எழுதினார். 'வாழும் வள்ளுவம்' என்னும் நூலுக்காக 1988ஆம் ஆண்டுக்கான சாகித்திய அகாதெமி விருதைப் பெற்றார். எழுத்துச் சீர்திருத்தத்திலும் அவர் ஆர்வம் காட்டினார். ஆகார வரிசையில் எல்லா மெய்களுக்கும் ஒரே துணைக்கால் போதுமானதாக இருக்க, கு, சு, டு, மு என உகர வரிசை எழுத்துகள் வெவ்வேறு வடிவம் பெறுகின்றன. இவ்வேறுபாட்டை நீக்கி ஒரே குறியீட்டைக் கொண்டால் குழந்தைகளும் அயல்நாட்டுத் தமிழரும் எளிதில் கற்கலாம் என்று அவர் வாதிட்டார். மரபான வடிவங்களை மாற்றலாகாது எனப் பலர் மறுத்தனர். அக்கருத்து நடைமுறைக்கு வரவில்லை. எனினும், மொழியையும் ஆராய்ந்து பார்க்கவேண்டிய ஓர் அமைப்பாக அவர் அணுகிய பாங்கு சிந்திக்கத்தக்கது.

இரு துறைகளும் ஒருவருக்குள்

2016 டிசம்பரில் குழந்தைசாமி மறைந்தார். ஆய்வும் நிருவாகமும் நிறைந்த வாழ்வினிடையே அவர் கவிதையைக் கைவிடவில்லை. கவிதைக்காக அறிவியலைத் துறக்கவும் இல்லை. திருப்பெரும்புதூர் – ஒரகடம் போன்ற பகுதிகளுக்கு இன்று தேவைப்படுவோரும் இத்தகையவரே. வெள்ளத்தின் உச்சத்தைக் கணக்கிடத் தெரிந்தால் மட்டும் போதாது. அந்தக் கணக்கை ஏரிக்கரையில் வாழும் மக்களுக்குப் புரியும் தமிழில் சொல்லவும் தெரியவேண்டும். நீங்கள் எப்பாடப்பிரிவில் பயின்றாலும் உங்கள் ஊர் ஏரியின் பெயர், அதற்கு நீர் வரும் வழி, மிகுநீர் செல்லும் வழி ஆகிய மூன்றையும் அறிந்துகொள்ளுங்கள். நீரியலின் முதற்பாடம் அங்கேயே தொடங்குகிறது.