ஆண்டு முன்னே, நாள் பின்னே: மென்பொருள் பதிப்பெண்களில் தேதி

மென்பொருளின் ஒவ்வொரு வெளியீட்டுக்கும் இடப்படும் பதிப்பெண், எது முந்தியது எது பிந்தியது என்பதை மனிதருக்கு மட்டுமின்றிக் கணினிக்கும் உணர்த்த வேண்டியிருக்கிறது. அவ்வெண்ணை வெளியீட்டுத் தேதியிலிருந்தே அமைப்பது ஒரு முறை. லினக்ஸ் இயங்குதளங்களுள் ஒன்றான உபுண்டு, 2004 அக்டோபரில் முதன்முதலாக வெளிவந்ததால் 4.10 என எண் பெற்றது; 2006 ஏப்ரலில் 6.04 ஆக வரவேண்டியிருந்த வெளியீடு ஜூனுக்குத் தள்ளிப்போனபோது எண்ணும் 6.06 என மாறியது. பதிப்பின் வயது எண்ணிலேயே தெரிந்துவிடுவதால், பாதுகாப்புத் திருத்தங்கள் நின்றுபோன பழைய பதிப்பை அறியாமல் பயன்படுத்திக்கொண்டிருப்பவருக்கு இம்முறை பேருதவியாகிறது.

தேதியை எவ்வரிசையில் எழுதுவது என்பதே சிக்கல். 03/04/2025 என்பது இந்தியாவில் ஏப்ரல் 3, அமெரிக்காவில் மார்ச் 4. 1988இல் வெளியான ஐஎஸ்ஓ 8601 என்னும் பன்னாட்டுத் தரம், 2025-04-03 என்று ஆண்டில் தொடங்கி நாளில் முடியும் வரிசையை வகுத்தது. மாதத்துக்கும் நாளுக்கும் முன்னுள்ள சுழியங்கள் அழகுக்காக இடப்பட்டவை அல்ல. பெயர்களை எழுத்தெழுத்தாக ஒப்பிட்டு அடுக்கும் நிரலிடம் 2025-9, 2025-10 ஆகிய இரண்டையும் கொடுத்தால், கோடு வரை வேறுபாடு காணாமல் வந்து, அடுத்துள்ள 9ஐயும் 1ஐயும் ஒப்பிட்டு, அக்டோபரைச் செப்டம்பருக்கு முன்னே வைத்துவிடும். 2025-09 என எழுதியிருந்தால் 0 முந்திக்கொண்டு வரிசை சரியாகும். உபுண்டுவின் 10.04, தனக்கு முந்திய 9.10க்கு முன்னே போய் நிற்பதும் இதனால்தான். ஆண்டை நான்கு இலக்கங்களில் எழுதுவதே நன்று.

எனினும் எல்லாக் கருவிகளும் சுழியத்தை விட்டுவைப்பதில்லை. பைத்தான் மொழியின் பதிப்பெண் விதிகள் 2017.04 என்பதை 2017.4 எனச் சுருக்கிவிடுகின்றன. அங்கே புள்ளிகளுக்கு இடைப்பட்டவை எண்களாகவே ஒப்பிடப்படுவதால் வரிசை கெடுவதில்லை. ஆகவே, பதிப்பெண்ணைப் படிக்கப்போகும் கருவி எழுத்தாக ஒப்பிடுகிறதா, எண்ணாக ஒப்பிடுகிறதா என்பதை அறிந்த பின்னரே வடிவத்தைத் தேர்வது முறை. டோக்கியோவில் ஏப்ரல் 4 காலை எட்டு மணியாகும்போது உலகப் பொது நேரப்படி இன்னும் ஏப்ரல் 3 முடிந்திருக்காது என்பதால், எந்த ஊரின் தேதி என்பதையும் முன்கூட்டியே முடிவு செய்தாக வேண்டும். பொது நேரமே இதற்கு உகந்தது.

வடிவத்தைப் பிறகு மாற்றிக்கொள்வதும் எளிதன்று. 20250403 என்று வெளியிட்டவர் அடுத்து 1.0 என வெளியிட்டால், கணினி அதனைப் பழைய பதிப்பாகவே கொள்ளும். டெபியன் இயங்குதளத்தில் இதனைச் சரிசெய்ய 1:1.0 என்றவாறு காலவட்ட எண்ணொன்றை முன்னே சேர்க்க இடமுண்டு. சேர்த்தபின் அடுத்துவரும் எல்லா வெளியீடுகளும் அதனைச் சுமந்தே வர வேண்டியிருக்கும்.