நுரையீரலில் கத்தி வைத்தால் மூச்சு நின்றுவிடுமா?

"நுரையீரலை வெட்டி எடுத்துவிட்டால் மனிதன் எதைக் கொண்டு மூச்சு விடுவான்?" தோட்டப்புறக் குடும்பம் ஒன்றில் பெரியவருக்கு நுரையீரல் அறுவை சிகிச்சை வேண்டும் என்று டாக்டர் சொன்னதும் எழும் முதல் கேள்வி இதுதான். "கத்தி வைத்துக் காற்றுப் பட்டால் கட்டி உடம்பு முழுக்கப் பரவிவிடுமாமே?" என்பது அடுத்த கேள்வி. இந்த இரண்டு பயத்திலும் மாதங்கள் ஓடிவிடுகின்றன. எடுக்கக்கூடிய நிலையில் இருந்த கட்டி, எடுக்க முடியாத நிலைக்குப் போய்விடுகிறது.

காற்றுப் பட்டால் புற்றுநோய் பரவாது. நோய் முற்றிய பிறகு அறுவைக்குப் போனவர்கள் சிலர் சீக்கிரம் இறந்ததைக் கண்டவர்கள், பழியைக் கத்தியின் மேல் போட்டார்கள். காரணம் கத்தி அல்ல, தாமதம். முதல் கேள்வி அப்படிப்பட்டதல்ல. அது நியாயமான கேள்வி. ஏற்கனவே நெஞ்சு நோய் உள்ளவர்களுக்கு அதற்கான பதிலைக் கணக்குப் போட்டுத்தான் சொல்ல வேண்டும்.

தோட்டத்து நெஞ்சு

நெகிரி செம்பிலானில் ரந்தாவ், சிலியாவ், லாபு, பகாவ் வட்டாரங்களில் பல தலைமுறைகள் பால்மரம் சீவி வாழ்ந்திருக்கின்றன. விடியற்காலை இருட்டில் இடுப்பில் கொசுவத்தியைத் தொங்கவிட்டுக்கொண்டு மரம் சீவியவர்கள் உண்டு. ரப்பர் தாள்களைப் புகைபோடும் கொட்டகையில் வேலை செய்தவர்கள், முகமூடி இல்லாமல் களைக்கொல்லி தெளித்த பெண்கள், லயத்து வீட்டில் விறகடுப்பை ஊதி ஊதிச் சமைத்த தாய்மார்கள் உண்டு. ஆண்களில் பலருக்குச் சுருட்டு, பீடி, சிகரெட்டும் சேர்ந்துகொண்டன. 1997, 2005, 2015, 2019ஆம் ஆண்டுகளின் கடும் புகைமூட்டமும் இதே நெஞ்சுகளுக்குள்தான் போனது.

இதனால் வயதான காலத்தில் பலருக்கு மூச்சுக்குழாய் சுருங்கி, காற்றறைகள் பழுதாகிவிடுகின்றன. சிலருக்குப் பழைய காசநோய்த் தழும்பும் இருக்கும். இப்படிப்பட்டவர்களுக்குப் புதிதாக இருமலோ ரத்தமோ வந்தால் "பழைய சளிதான்" என்று விட்டுவிடுவது ஆபத்து. மூன்று வாரத்துக்கு மேல் இருமல், சளியில் ரத்தம், காரணமில்லாமல் உடல் மெலிவு ஆகிய மூன்றில் ஒன்று இருந்தாலும் மார்பு எக்ஸ்ரேயும் சளிப் பரிசோதனையும் அவசியம்.

காசநோய் என்றாலே அறுவை என்றும் பயப்பட வேண்டாம். மருந்து இல்லாத காலத்தில் விலா எலும்புகளை எடுத்து நுரையீரலை ஒடுக்கினார்கள். 1956ல் சென்னையில் தொடங்கிய புகழ்பெற்ற ஆய்வு, வீட்டில் இருந்தபடியே மருந்து சாப்பிட்டாலும் சானடோரியத்தில் கிடைக்கும் அதே பலன் கிடைக்கும் என்று 1959ல் காட்டியது. இன்று பெரும்பாலோருக்கு ஆறு மாத மருந்தே போதும். மருந்துக்குக் கட்டுப்படாத கிருமி, அடிக்கடி ரத்தம் கக்கவைக்கும் பழுதடைந்த பகுதி, பழைய காசநோய்க் குழியில் வளரும் பூஞ்சைக் கட்டி போன்ற சிலவற்றுக்கே அறுவை தேவைப்படுகிறது.

மிச்சக் கணக்கு

வலது நுரையீரலுக்கு மூன்று மடல்கள், இடதுக்கு இரண்டு. இந்த மடல்களை டாக்டர்கள் மொத்தம் 19 கூறுகளாகப் பிரித்துப் பார்க்கிறார்கள். நோயாளியை ஸ்பைரோமெட்ரி கருவியில் பலமாக ஊதச் சொல்லி, முதல் ஒரு நொடியில் எவ்வளவு காற்று வெளியே வருகிறது என்று அளக்கிறார்கள்.

ஓர் உதாரணம். ஒருவரின் ஊதும் திறன், அவர் வயதுக்கும் உயரத்துக்கும் இருக்க வேண்டியதில் 80 விழுக்காடு. வலது மேல் மடலில் உள்ள 3 கூறுகளை எடுத்தால் 16 மிஞ்சும். 80ஐ 16ஆல் பெருக்கி 19ஆல் வகுத்தால் சுமார் 67 வருகிறது. இவர் அறுவையைத் தாங்கக்கூடியவர். இன்னொருவரின் திறன் 40 விழுக்காடுதான். வலது கீழ் மடலின் 5 கூறுகளை எடுத்தால் அவருக்கு மிஞ்சுவது சுமார் 29. பொதுவாக 60க்கு மேல் மிஞ்சினால் ஆபத்து குறைவு. 30க்குக் கீழே போனால் மிகவும் யோசிக்க வேண்டும். இதோடு ரத்தத்தில் பிராணவாயு கலக்கும் திறனையும் அளக்கிறார்கள். மாடிப்படி ஏறவோ குறித்த தூரம் நடக்கவோ சொல்லியும் பார்க்கிறார்கள்.

ஒரு நுரையீரலோடு வாழ முடியுமா என்பதற்கு 1933லேயே விடை கிடைத்தது. அமெரிக்காவின் செயின்ட் லூயிஸ் நகரில் எவார்ட்ஸ் கிரகாம் என்ற அறுவை நிபுணர், புற்றுநோய் வந்த ஜேம்ஸ் கில்மோர் என்ற டாக்டரின் இடது நுரையீரலை முழுவதும் அகற்றினார். கில்மோர் அதன் பிறகு 30 ஆண்டுகள் வாழ்ந்தார். புகைபிடிக்கும் பழக்கம் கொண்டிருந்த கிரகாமோ 1957ல் நுரையீரல் புற்றுநோயால் இறந்தார்.

இப்போது முடிந்தவரை குறைவாகவே எடுக்கிறார்கள். இரண்டு சென்டிமீட்டருக்கு உட்பட்ட ஆரம்பக் கட்டிகளில் தகுந்தவற்றுக்கு முழு மடலை எடுக்காமல் ஒரு கூறை மட்டும் எடுத்தாலும் ஆயுள் குறைவதில்லை என்று 2022ல் வெளியான ஜப்பானிய ஆய்வு காட்டியது. சிறு துளைகள் வழியே கேமரா விட்டுச் செய்யும் முறையில் வலியும் குறைவு. நல்ல அனுபவமுள்ள மையங்களில் மடல் நீக்க அறுவையில் உயிரிழப்பு 100 பேருக்கு 1 முதல் 3 பேர் வரைதான். முழு நுரையீரலையும் எடுத்தால் ஆபத்து அதைவிடப் பல மடங்கு அதிகம்.

வேண்டாம் என்பதும் வைத்தியமே

நுரையீரல் உப்பிப்போனவர்களுக்குப் பழுதான பகுதியை வெட்டி எடுக்கும் ஓர் அறுவை உண்டு. அமெரிக்காவில் 1,218 பேரிடம் நடந்து 2003ல் வெளியான ஆய்வில், மேல் மடல்களில் நோய் கூடுதலாகவும் நடமாட்டத் திறன் குறைவாகவும் இருந்தவர்களுக்கு இதனால் ஆயுள் கூடியது. மூச்சுத் திறன் மிகவும் குறைந்திருந்த இன்னொரு பிரிவினருக்கோ அறுவையே எமனானது. ஆகவே டாக்டர் "உங்களுக்கு அறுவை வேண்டாம்" என்றால் கைவிட்டுவிட்டார் என்று எண்ணக் கூடாது. கதிர்வீச்சு, மருந்து, மூச்சுப் பயிற்சி என்று வேறு வழிகள் இருக்கின்றன.

கத்திக்கு முன்பே தொடங்கும் சிகிச்சை

சிகரெட்டை அறுவைக்கு நான்கு வாரமாவது முன்பே விட வேண்டும். முற்றாக விட்டுவிடுவது இன்னும் நல்லது. ஆஸ்துமாவுக்கும் மூச்சிரைப்புக்கும் கொடுத்த பம்ப்பை நிறுத்தக் கூடாது. மூச்சு நோய்க்கு ஸ்டீராய்டு மாத்திரை சாப்பிட்டவர்கள் அதை டாக்டரிடம் மறைக்காமல் சொல்ல வேண்டும். தினமும் நடை, ஆழ்ந்து மூச்சிழுக்கும் பயிற்சி, முட்டை, மீன், பருப்பு போன்ற புரத உணவு ஆகியவை உடலைத் தயார் செய்யும். மெலிந்த உடம்பில் புண் ஆறுவது தாமதமாகும்.

அறுவைக்குப் பின் வரும் சிக்கல்கள்

மூச்சு நோய் உள்ளவர்களுக்கு அடிக்கடி வருவது காற்றுக் கசிவு. வெட்டிய இடத்திலிருந்து காற்று கசியும். அதை வெளியேற்ற நெஞ்சில் குழாய் வைத்து, தண்ணீர் உள்ள பாட்டிலில் இணைப்பார்கள். பாட்டிலில் குமிழி வந்தால் கசிவு இருக்கிறது என்று பொருள். ஐந்து நாளுக்கு மேல் நீடிப்பதும் உண்டு. பெரும்பாலும் தானாகவே அடைபடும். பார்க்க வரும் உறவினர்கள் இரண்டை மறக்கக் கூடாது: பாட்டிலை நோயாளியின் நெஞ்சுக்கு மேலே தூக்கக் கூடாது, குழாயை மடக்கியோ இறுக்கியோ வைக்கக் கூடாது. வெளியேற வழியில்லாத காற்று நெஞ்சுக்குள் தேங்கி உயிருக்கே உலை வைக்கும்.

இரண்டாவது, சளி தேங்கி வரும் நிமோனியா. வலிக்குப் பயந்து இருமாமல் படுத்திருப்பவர்களுக்கே இது அதிகம். தலையணையை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு இரும வேண்டும். வலி மருந்து கேட்பது கோழைத்தனம் அல்ல. வலி குறைந்தால்தான் இருமல் வரும். "பாவம், படுத்திருக்கட்டும்" என்று வீட்டார் தடுக்காமல், தாதியர் சொல்லும் நாளிலேயே எழுந்து நடக்க விட வேண்டும். கால் நரம்பில் ரத்தம் உறைவதையும் நடை தடுக்கும்.

மூன்றாவது, இதயத் துடிப்பு தாறுமாறாவது. இது பெரும்பாலும் இரண்டாம் மூன்றாம் நாளில் வரும். மருந்தில் அடங்கும். நெஞ்சுக்குள் சீழ் பிடிப்பதும் தைத்த மூச்சுக்குழாய் திறந்துகொள்வதும் அரிது. ஆனால் கடுமையானவை.

வீடு திரும்பிய பின்

காய்ச்சல், திடீர் மூச்சுத்திணறல், ரத்தமோ நாற்றமுள்ள சளியோ வருதல், படுத்ததும் தண்ணீராகச் சளி கொட்டுதல், காயத்தில் சீழ், ஒரு கால் மட்டும் வீங்குதல், நெஞ்சுப் படபடப்பு ஆகியவற்றில் எது வந்தாலும் அடுத்த அப்பாயின்மென்ட்டுக்குக் காத்திருக்கக் கூடாது. தோட்டத்திலிருந்து டவுனுக்குத் தூரம் அதிகம். ஆகவே இரவில் யார் வண்டியில் போவது என்பதை முன்கூட்டியே பேசி வைத்துக்கொள்ள வேண்டும். அறுவை நடந்தது கோலாலம்பூரிலோ செர்டாங்கிலோ ஆனாலும், அவசரத்துக்குச் சிரம்பான் துவாங்கு ஜாஃபார், போர்ட்டிக்சன், தம்பின், கோலாப்பிலா ஆகியவற்றில் எந்த அரசாங்க மருத்துவமனை பக்கமோ அங்கே போகலாம். அறுவைக் குறிப்புக் கடிதத்தை மறக்காமல் கொண்டுபோக வேண்டும்.

வீட்டில் குப்பை எரிப்பதையும் கொசுவத்தியையும் நிறுத்துங்கள். பேரப்பிள்ளைகளாக இருந்தாலும் அவர் எதிரில் சிகரெட் பிடிக்கக் கூடாது.

ஆகவே டாக்டர் அறுவை என்று சொல்லும் நாளில் கேட்க வேண்டிய கேள்விகள் மூன்று: எவ்வளவு எடுப்பீர்கள்? எவ்வளவு மிஞ்சும்? எடுக்காவிட்டால் என்ன ஆகும்? பதிலைக் கேட்டுக் குடும்பத்தோடு பேசி முடிவெடுங்கள். மாதக்கணக்கில் தள்ளிப்போடாதீர்கள்.